விசிறி சொன்ன பந்து

உவாஜிமாவில் ஹிராகா மசாவோவைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் கடைத்தெருவில் எதிரே நடந்து வந்தால் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. அவர் கீழே குந்தி உட்கார்ந்தால்தான், "அட, நம்ம கேட்சர்" என்பார்கள். அத்தனை வருஷமாக இரும்புக்கம்பி முகமூடி போட்டுக்கொண்டு, பேஸ்பால் ஆட்டத்தில் பந்து போடும் பிட்சருக்கு எதிரே அதைப் பிடிக்கக் குந்தியிருந்த மனிதர்.

அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் முடி வெட்டும் கடை வைத்திருந்தார். மகனுக்கும் கத்தரி பிடிக்கக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார். ஒரு மீன் வியாபாரியின் காது மடலில் ரத்தம் வந்த அன்று அந்த யோசனையைக் கைவிட்டார். பையனுக்கு விரல்கள் தடிமன். அந்தத் தடித்த விரல்களைப் பள்ளிக்கூடத்துப் பேஸ்பால் வாத்தியார் பார்த்துவிட்டு, "நீ கேட்சர். உன் விரலைத் தூரத்திலிருந்தே எண்ணலாம்" என்றாராம். அதற்கப்புறம் ஹிராகா வேறு இடத்தில் நின்று ஆடியதில்லை.

படிப்பு முடிந்ததும் எங்கள் மினோகோஷி கம்பெனியில் சேர்ந்தார். நாங்கள் சின்ன மீன்களை எலும்போடு அரைத்து, தட்டிப் பொரித்து, ஜாகோதென் என்ற மீன் வடை செய்து நாடு முழுக்க அனுப்புகிறவர்கள். கம்பெனிக்கென்று ஒரு பேஸ்பால் அணி உண்டு. ஆட்டக்காரர்கள் காலையில் அலுவலக வேலை பார்ப்பார்கள், மதியத்துக்கு மேல் மைதானத்துக்குப் போவார்கள். ஹிராகா என்னோடு பொது நிர்வாகப் பிரிவில் இருந்தார். எரிந்துபோன குழல்விளக்கை மாற்றுவது, டீத்தூள் வாங்குவது, யாராவது செத்தால் மலர்வளையத்துக்குச் சொல்லிவிடுவது, இவைதான் எங்கள் வேலை. எதையும் நாங்களாக முடிவு செய்ய முடியாது. டீத்தூளுக்கே மூன்று பேருடைய முத்திரை விழ வேண்டும். ஹிராகா சொன்னபடி உலகம் நடந்த ஒரே இடம் அவருடைய இரண்டு தொடைகளுக்கு நடுவில் இருந்தது.

அங்கே அவர் ராஜா. ஒரு விரல் காட்டினால் வேகப்பந்து. இரண்டு விரல் என்றால் வளைந்து வரும் பந்து. விரல்களை ஆட்டினால், நேராக வந்து கடைசி நொடியில் தொப்பென்று கீழே விழும் பந்து. பிட்சர் குகா பார்த்துவிட்டுத் தலையசைத்தால் அந்தப் பந்து வரும்.

குகா லேசில் தலையசைக்க மாட்டான். கோச்சி பக்கத்துக்காரன், ஹிராகாவை விடப் பத்து வயது சின்னவன், யாருக்கும் பணியாத கழுத்து. முதலில் எதைக் காட்டினாலும் மாட்டேன் என்பான். ஹிராகா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தனக்கு வேண்டாத பந்தை முதலில் காட்டுவார். குகா மறுப்பான். அப்புறம் வேண்டியதைக் காட்டுவார். ஜெயித்துவிட்ட களையோடு குகா அதைப் போடுவான். இந்தத் தந்திரத்தைப் பற்றி ஹிராகா சாராயக் கடையில் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் முதல்முறை சொல்வது போலத்தான் சொல்வார்.

ஷோவா ஐம்பத்தெட்டாம் ஆண்டு, அதாவது 1983-இல், தேசியப் போட்டிக்கான ஷிகோகு வட்டாரத் தேர்வுப் போட்டியில் காகித ஆலை அணியிடம் கடைசி இன்னிங்ஸில் தோற்றோம். ஹிராகா கீழே விழும் பந்தைக் கேட்டார். அது விழவில்லை. ஹோம் ரன் ஆகி, வேலிக்கு வெளியே நின்ற லாரியின் மேல் போய் விழுந்தது.

அந்த வருஷக் கடைசியில் எங்களுக்குப் புதிதாக ஒரு நிர்வாக இயக்குநர் வந்தார். பெயர் இமாசாதோ. முதலாளியின் மருமகன். தோக்கியோவில் நிர்வாகம் பற்றிப் பெரிய பெரிய வகுப்புகளுக்குப் போய்வந்தவர். ஒல்லியானவர், ரொம்ப மரியாதையானவர். கிட்டே போனால் நல்ல சோப்பு வாசனை வரும். வந்த முதல் வாரமே, தோற்ற ஆட்டத்தைப் பற்றி ஒரு கூட்டம் போட்டார். டீ கொடுக்க நான் உள்ளே இருந்தேன்.

"அந்தக் கடைசிப் பந்து. அதைப் போடணும்னு முடிவு பண்ணது யாருங்க?" என்று கேட்டார்.

பயிற்சியாளர் தோமோனகா எழுந்தார். "கேட்சர் ஹிராகாங்க ஐயா."

"அவர் என்ன பதவி?"

"பொது நிர்வாகத்துல எழுத்தர்."

"யார்கிட்ட ஒப்புதல் வாங்கினார்?"

தோமோனகா யோசித்தார். "பிட்சர் தலையசைச்சார் ஐயா."

"பிட்சர் என்ன பதவி?"

"பொட்டலம் கட்டற பிரிவுல தற்காலிக ஊழியர்."

இமாசாதோ கோபப்படவில்லை. மெதுவாகவே சொன்னார்: "நம்ம கம்பெனியோட பேரு அந்தப் பந்துல போகுது. அதை ஒரு எழுத்தரும் ஒரு தற்காலிக ஊழியரும் கண்ணால பேசி முடிவு பண்ணியிருக்காங்க. உங்க யாரையும் நான் குத்தம் சொல்லல. அமைப்பு அப்படி இருந்திருக்கு."

அமைப்பு மாறியது. பந்துத் தேர்வுக் குழு என்று ஒன்று உருவானது. அதில் இமாசாதோ, கணக்குப் பிரிவுத் தலைவர், விற்பனைப் பிரிவுத் தலைவர், தரக்கட்டுப்பாட்டுத் தலைவர், கடைசி நாற்காலியில் தோமோனகா. ஹிராகாவுக்கு அழைப்பில்லை. வேகப்பந்து அதிகம் போட்டால் தோள் தேயும், வைத்தியச் செலவு கம்பெனி தலையில் விழும் என்றார் கணக்கர். தரக்கட்டுப்பாட்டுக்காரருக்கு எல்லாப் பந்தும் ஒரே சீராக இருக்க வேண்டும். விற்பனைத் தலைவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். காகித ஆலையின் கேன்டீனில் தினமும் நம்முடைய மீன் வடைதான். அவர்களுடைய நான்காவது பேட்டர்தான் அந்தக் கேன்டீனுக்குச் சாமான் வாங்குகிறவர். உடம்புக்கு நெருக்கமாகப் பந்து போட்டு அவரைப் பயமுறுத்த வேண்டாமே.

"நல்ல கருத்து" என்றார் இமாசாதோ. அது தீர்மானமானது.

ஆட்டம் நடக்கும்போது குழு கூட முடியாது. ஆகவே இமாசாதோ பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து சைகை கொடுப்பார் என்று ஏற்பாடு. கம்பெனி ஆதரவாளர்களுக்குக் கொடுக்கும் காகித விசிறி ஒன்று உண்டு. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. சிவப்பைக் காட்டினால் வேகப்பந்து, வெள்ளை என்றால் வளைபந்து, மடியில் வைத்தால் கீழே விழும் பந்து. தலைக்கு மேல் தூக்கினால், பேட்டரோடு மல்லுக்கட்டாமல் அடிக்கவே விடாமல் வேண்டுமென்றே தள்ளிப் போட்டு, அவரைச் சும்மா முதல் தளத்துக்கு நடக்கவிட வேண்டும். விசிறியைப் பார்த்துத் தோமோனகா தொப்பியையும் மூக்கையும் இடுப்பையும் தொடுவார். அதைப் பார்த்து ஹிராகா விரலைக் காட்டுவார்.

ஹிராகாவுக்கு இதைச் சொன்னபோது, "சரிங்க" என்றார். அன்று மாலை மாடிப்படியில் ஒரு குழல்விளக்கை மாற்றும்போது அதைக் கைதவறிப் போட்டு உடைத்தார்.

அடுத்த ஜூனில் தகாமாட்சுவில் தேர்வுப் போட்டி தொடங்கியது. மழைக்காலத்துப் புழுக்கம். காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போல இருந்தது. நான் ஆதரவாளர் குழுவில் பெரிய மத்தளம் அடிக்கிறவன். இமாசாதோ எங்கள் ஆட்டக்காரர்களும் தோமோனகாவும் உட்காரும் டக்-அவுட்டுக்குத் தெரியும்படி எங்கள் வரிசையின் வெளிக்கோடியில் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் நான். அதனால் நடந்ததை முழுசாகப் பார்த்தேன்.

முதல் பந்துக்குச் சிவப்பு காட்டினார். பிறகு அவருக்கு வேர்த்தது. கையில் விசிறி இருக்கிறது, வேர்க்கிறது, மனிதர் என்னதான் செய்வார்? விசிறிக்கொண்டார். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. கீழே தோமோனகா மூக்கையும் தொப்பியையும் மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டிருந்தார். ஹிராகாவின் விரல்கள் குழந்தைக்கு வேடிக்கை காட்டுவது போல விரிந்து விரிந்து மூடின. குகா பந்து போடும் மேட்டிலிருந்து இறங்கி நேரே ஹிராகாவிடம் போனான். அங்கே பேசியதைப் பிற்பாடு அவனே எனக்குச் சொன்னான்.

"அண்ணே, இப்ப என்னதான் போடச் சொல்றாரு?"

"வளைபந்து. இல்ல, இரு. வேகப்பந்து."

"எது?"

"அவருக்கு வேர்க்குதுடா. கடைசியா எந்தப் பக்கம் நின்னுச்சோ அது."

மூன்றாவது இன்னிங்ஸில் எதிரணியின் மிக மோசமான பேட்டர் நின்றான். பள்ளிக்கூடப் பையன் போட்டாலே அவுட் ஆகிறவன். அப்போது பார்த்து இமாசாதோவின் பின்கழுத்தில் கொசு கடித்தது. விசிறியால் ஓங்கி அடிக்கத் தலைக்கு மேல் தூக்கினார். கீழே அவனைச் சும்மா நடக்கவிட்டார்கள். எதிரணிப் பயிற்சியாளர் எழுந்து நின்றுவிட்டார். இதில் என்ன சூது இருக்கிறதென்று மொத்த அணிக்கும் மண்டை காய்ந்தது. அடுத்து வந்த நல்ல பேட்டர் அந்த யோசனையிலேயே நின்று, எதிரே வந்த சாதாரணப் பந்துகளை விட்டு அவுட் ஆனான்.

ஜெயித்தோம். இரண்டாவது ஆட்டத்தில் வெயில் இன்னும் கடுமை. அதிலும் ஜெயித்தோம். உள்ளூர்ப் பத்திரிகை, "ஹிராகாவின் கணிக்க முடியாத பந்துத் தேர்வு" என்று படத்தோடு போட்டது. ஹிராகாவின் மனைவி சயோகோ மீன் ஏலச் சந்தையில் வேலை பார்ப்பவள், பேச்சில் வழவழப்புக் கிடையாது. பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாளாம்.

"என்னங்க, அந்தச் சப்பைப் பயல நடக்கவிட்டதுதான் ஆட்டத்தையே திருப்பிச்சாம். நீங்க சொன்னதா?"

"இல்ல."

"பின்ன, அந்த மருமவனா?"

"அவரும் இல்ல. கொசு."

சயோகோ விழுந்து விழுந்து சிரித்தாள். ஹிராகா சிரிக்கவில்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். காய்கறிக்கடைக்காரர் ஒரு பை நிறைய ஆரஞ்சு கொடுத்தார். தான் செய்யாத காரியத்துக்குக் குனிந்து குனிந்து நன்றி சொல்லி அவருக்கு இடுப்பு வலித்தது.

அதைவிட மோசமான ஒன்று பாக்கி இருந்தது. இரண்டாவது ஆட்டம் முடிந்து கை கழுவுமிடத்தில், தோற்ற அணியின் வயதான பயிற்சியாளர் அவரிடம் வந்தார்.

"ஹிராகா, எங்கள நல்லா ஏமாத்திட்டீங்க. நாலு வருஷமா உங்களைப் படிச்சு வச்சிருந்தோம். மொதல்ல உள்ள ஒண்ணு, அப்புறம் வெளிய வளைபந்து, ரெண்டு பந்த விட்டு ரெண்டு ஸ்டிரைக் ஆயிட்டா கீழ விழற பந்து. எங்க பசங்க தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. காகித ஆலைக்காரங்களுக்கும் தெரியும். இந்த வருஷம் என்னாச்சு உங்களுக்கு?"

ஹிராகா குழாயை மூட மறந்து நின்றார். அன்று ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வழி நெடுக ஒரே ஒரு வார்த்தை பேசினார். "எல்லாருக்குமா" என்றார்.

இறுதி ஆட்டம் காகித ஆலை அணியோடு. அன்று காலையில் மழை பெய்து ஓய்ந்து, கடலிலிருந்து குளிர்ந்த காற்று அடித்தது. இமாசாதோவுக்கு ஒரு பொட்டு வேர்வை இல்லை. கோட்டு பட்டன்களைக் கூடப் போட்டுக்கொண்டார். அன்றுதான் அவருடைய உண்மையான சிந்தனை வெளியே வந்தது. சிவப்பு. வெள்ளை. சிவப்பு. வெள்ளை. நடுநடுவே மடியில். அலுவலகத்தில் யார் என்றைக்குப் பெருக்குவது என்ற பட்டியல் போல ஒழுங்கான வரிசை. விசிறியை நெஞ்சுக்கு நேரே அசையாமல் பிடித்தார். கடைசி வரிசைக்காரனுக்கும் அது தெரிந்தது.

அவர்களுக்கு நான்கு ஓட்டங்கள். அதில் இரண்டு, கேன்டீன்காரர் அடித்த அடியில் வந்தவை. தீர்மானப்படி அவருடைய உடம்பிலிருந்து தள்ளித் தள்ளிப் போட்ட பந்துகளை அவர் ரொம்ப சௌகரியமாக அடித்தார்.

மூன்றாவது இன்னிங்ஸில் ஹிராகா ஒன்றைக் கவனித்தார். பேட்டர்கள் மட்டையைத் தூக்குவதற்கு முன்னால் எங்கள் பக்கம் ஒருதரம் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு லேசாகச் சிரிக்கிறார்கள். அவர் திரும்பி விசிறியைப் பார்த்தார். பிறகு எழுந்து முகமூடியைக் கழற்றி, மேட்டுக்கு நடந்தார்.

"குகா, அவங்க விசிறியப் படிக்கிறாங்க."

"தெரியுதுண்ணே. நானே அங்கேர்ந்துதான் படிக்கிறேன். உங்க விரலை விடத் தெளிவா இருக்கு."

"என்னோட வழியும் அவங்களுக்குத் தெரியும். நாலு வருஷமா தெரியுமாம்." அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "அதனால நீயே போடு. எது தோணுதோ அது. நான் எப்படியாவது பிடிச்சுக்கறேன்."

குகா பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அண்ணே, எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குது."

"என்னடா சொல்ற? இத்தன வருஷமா நான் சொன்னது எதையும் நீ ஒத்துக்கிட்டதே இல்லியே."

"அது நீங்க ஏதாச்சும் சொல்றதால. நீங்க ஒண்ணச் சொன்னா, அது வேண்டாம்னு உடனே தெரியுது. நீங்க சும்மா இருந்தா எனக்கு மண்டை காலியா இருக்கு."

"முதல்ல காட்டற விரலு..." என்று ஹிராகா இழுத்தார்.

"அது டூப்புன்னு வந்த முதல் வருஷமே தெரியும். நான் மாட்டேன்னு சொன்னாத்தான் உங்களுக்குச் சோறு எறங்கும் போல இருந்துச்சு. அதான் ஆட்டிட்டிருந்தேன்."

ஹிராகா முகமூடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். உள்ளே என்ன முகம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. போகும்போது திரும்பி, "சரி. நான் ஒண்ணு காட்டறேன். நீ அதப் போடாத. வேற எதயாவது போடு" என்றார்.

"உள்ளபடியே மாட்டேன்னு சொல்லலாமா?"

"சொல்லு."

அன்று அப்படித்தான் ஆடினார்கள். இமாசாதோ விசிறியைக் காட்டினார், தோமோனகா மூக்கைத் தொட்டார், பேட்டர் எங்கள் பக்கம் பார்த்துச் சிரித்தான், ஹிராகா ஒரு விரல் காட்டினார், குகா தலையை மறுத்து ஆட்டிவிட்டு வேறொன்றைப் போட்டான். சிவப்பைப் பார்த்து வேகப்பந்துக்குத் தயாராக நின்றவன், ஊர்ந்து வளைந்து வந்த பந்தைப் பார்த்து வெறுங்காற்றை அடித்தான். என்ன வருமென்று ஹிராகாவுக்கும் தெரியாது. பந்து அவரை நெஞ்சிலும் தோளிலும் ஒருமுறை தொண்டையிலும் இடித்தது. ஒவ்வொரு தடவையும் உடம்பால் மறித்து விழுந்து பிடித்தார். கேன்டீன்காரருக்கு மூக்குக்கு முன்னால் ஒரு வேகப்பந்து போனது. அவர் பின்னால் உட்கார்ந்தே விட்டார். என் பக்கத்தில் விற்பனைத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குமேல் அவர்களுக்கு ஓட்டமே இல்லை. நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக் கடைசியில் ஐந்துக்கு நான்கு என்று ஜெயித்தோம். இமாசாதோ கடைசிவரை ஒழுங்காக விசிறியைக் காட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து எந்தப் பந்து எதுவென்று அவருக்குத் தெரியவில்லை. பந்து வேகமாகத்தான் இருந்தது, அவருக்குத் திருப்தி.

திங்கட்கிழமை கூட்டத்துக்கு ஹிராகாவையும் அழைத்தார்கள். கழுத்தில் மருந்துப்பட்டியோடு வந்தார். மூன்றாவது இன்னிங்ஸிலிருந்து முறை நன்றாகப் பிடிபட்டுவிட்டதாகவும், களத்திலிருந்தவர் என்ற முறையில் அதைப் பற்றி அவர் நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றும் இமாசாதோ கேட்டுக்கொண்டார்.

சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஹிராகா எழுந்து நின்றார். "மன்னிக்கணும் ஐயா. மூணாவது இன்னிங்ஸ்லேர்ந்து உங்க சைகைய நாங்க கேக்கல. அவங்க உங்க விசிறியப் பார்த்தே என்ன பந்துன்னு கண்டுபிடிச்சாங்க. அதனால நாங்க வேற போட்டோம்."

யாரும் டீக்கோப்பையைத் தொடவில்லை. தோமோனகா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு மறுபடியும் துடைத்தார். இமாசாதோவின் காது மெல்லச் சிவந்தது. ஆனால் அவர் படித்தவர். கொஞ்ச நேரத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அவங்க என் விசிறியப் பார்த்தாங்க. பார்த்து ஏமாந்தாங்க. அப்படித்தானே?"

"ஆமாங்க."

"விசிறி இல்லேன்னா ஏமாந்திருப்பாங்களா?"

ஹிராகா யோசித்துப் பார்த்தார். நேர்மையான மனிதர். "மாட்டாங்க ஐயா."

"அப்ப விசிறி வேலை செஞ்சிருக்கு" என்றார் இமாசாதோ. அறையில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். எதிரியைத் திசைதிருப்பும் விசிறி உத்தி என்று அது அப்போதே பெயர் பெற்றது. கம்பெனி மாதப் பத்திரிகையின் அட்டையில் இமாசாதோ விசிறியோடு நின்றார். உள்பக்கத்தில் சின்னதாக ஹிராகா, முகமூடியோடு.

தோக்கியோவில் நடந்த தேசியப் போட்டிக்கு இன்னும் பெரிய விசிறி செய்து எடுத்துப் போனோம். அங்கே அதை யாரும் பார்க்கவில்லை. எங்கள் ஊரையே பாதிப் பேர் கேள்விப்பட்டதில்லை, எங்கள் விசிறியை யார் படிக்கப் போகிறார்கள்? முதல் ஆட்டத்திலேயே ஏழுக்குப் பூஜ்யம் என்று தோற்றுத் திரும்பினோம். அரங்கத்தின் வெளிச்சக் கோணம் சரியில்லை என்று குழு முடிவு செய்தது.

அந்த இலையுதிர் காலத்தில் ஹிராகாவின் முட்டி பழுதாகி, ஆட்டத்திலிருந்து விலகினார். விற்பனைப் பிரிவில் துணைத் தலைவர் பதவி கொடுத்தார்கள். அவருடைய வாடிக்கையாளர்களில் முதலாவது காகித ஆலையின் கேன்டீன். போன முதல் நாளே, மூக்குக்கு முன்னால் பந்து போனதை அந்த மனிதர் நினைவுபடுத்தினாராம். ஹிராகா தலை தரையில் படக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். "இதுல என்ன மன்னிப்பு, அன்னிக்குத்தான் நீங்க என்னை மனுஷனா மதிச்சீங்க" என்று சொல்லி அவர் கூடுதலாக நூறு பெட்டி வாங்கினார்.

குகா இரண்டு வருஷம் இருந்துவிட்டு, கோச்சியில் தன் சொந்த அண்ணனுடைய மீன்பிடிப் படகில் வேலைக்குப் போய்விட்டான். புதிதாக வந்த கேட்சர் கல்லூரியில் படித்த பையன், ரொம்பப் பணிவு. "மாட்டேன்னு தலையாட்டினா முகம் வாடிப் போயிடறான் அண்ணே, பாவமா இருக்கு, எதச் சொன்னாலும் போட்டுத் தொலைக்கிறேன்" என்று குகா ஹிராகாவிடம் தொலைபேசியில் புலம்பினான். அந்தக் காலத்தில்தான் அவன் பந்துகள் நிறைய அடி வாங்கின.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஹிராகாவும் நானும் நகராட்சி மைதானத்துக்குப் போய்ப் பள்ளிக்கூடப் பையன்கள் ஆடுவதைப் பார்க்கிறோம். சயோகோ சோற்றுருண்டை கட்டிக் கொடுப்பாள். அடுத்து என்ன பந்து என்று நான் கேட்பேன். அவர் கண்ணைச் சுருக்கி, நன்றாக யோசித்து, வளைபந்து என்பார். வேகப்பந்து வரும். உருண்டையை ஒரு வாய் கடித்துக்கொண்டு, "பையன் கெட்டிக்காரன்" என்பார்.